உம்மாவின் புண்ணைக் கழுவிய கைகள்



ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடி மாதம் வீசும் காற்றை இவ்வூரார் நன்கறிவர். காற்றாலைகள் ஓயாது சுழலும் அந்நாட்களில்தான், பக்கவாதத்தால் படுக்கையிலிருந்த என் உம்மாவுக்கு முதுகில் படுக்கைப் புண் கண்டது. தம்பியர் இருவரும் வளைகுடாவிலிருந்து தவறாது பணம் அனுப்பினர். மூத்த மகளாகிய நான் உடனிருந்தேன். ஆயினும் அப்புண்ணைத் திறந்து கழுவ என் கை துணியவில்லை.

வாரம் இருமுறை வீடு தேடி வந்து மருந்திட்டவர், செவிலியர் பயிற்சி பெற்ற ஒரு கத்தோலிக்க அருட்சகோதரி. சீழின் வாடைக்கு அவர் முகம் சுளித்து நான் கண்டதில்லை. உம்மா அவரை 'மோளே' என்றே அழைப்பார். ஒருநாள் அவர், "உம்மா எந்தத் திசை நோக்கித் தொழுவார்கள்?" என்று கேட்டார். மேற்கே கை காட்டினேன். "காற்று வரும் பக்கம்தானே!" என்று கூறி, உம்மாவின் முகம் கிப்லாவை நோக்குமாறு கட்டிலைத் திருப்ப முனைந்தார். அதே அறையில் ஐவேளையும் தொழுத எனக்கு அந்த எண்ணம் அதுவரை தோன்றவில்லை.

இத்தகைய தொண்டு நம் மாவட்டத்திற்குப் புதிதன்று. பீர் முகம்மது அப்பா அடங்கியிருக்கும் தக்கலைக்கு அருகேயுள்ள முளகுமூட்டிற்கு, 1897இல் பெல்ஜியத்திலிருந்து மரி லூயிஸ் தெ மெஸ்தர் என்னும் துறவி வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 40. அநாதைக் குழந்தைகளைப் பேணுவதில் தொடங்கிய அப்பணியிலிருந்து ஒரு துறவற சபையே உருவாகிப் பிற நாடுகளுக்கும் பரவியது.

கிறிஸ்தவர்களிடையே கற்றறிந்தோரும் துறவிகளும் உள்ளனர், அவர்கள் பெருமையடிப்பதில்லை என்று அல்மாயிதா அத்தியாயத்தின் 82ஆம் வசனம் எடுத்துரைக்கிறது. துறவறம் நமக்கு விதிக்கப்பட்டதன்று. நிக்காஹ் நம் நபி (ஸல்) அவர்களின் வழிமுறை. ஆனால் துறவறம் இல்லை என்பதால் தொண்டும் நமக்கில்லை என்றாகிவிடுமா?

மதீனாவில் கூடாரம் அமைத்துக் காயமுற்றோருக்குச் சிகிச்சையளித்தவர் ருஃபைதா (ரலி) என்னும் அன்சாரிப் பெண்மணி. அகழ்ப்போரில் காயமடைந்த சஅது இப்னு முஆத் (ரலி) அவர்களை அக்கூடாரத்திலேயே தங்கவைக்குமாறு நபியவர்கள் பணித்தார்கள். நோயாளியை நலம் விசாரிக்கச் சென்றிருந்தால் அங்கே என்னைக் கண்டிருப்பாய் என மறுமையில் அல்லாஹ் கூறுவான் என்ற நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது.

ஜகாத்தும் சதகாவும் நாம் தாராளமாகவே கொடுக்கிறோம். ஆனால், நம் கைகளைக் கொடுக்கிறோமா? நம் பெண்மக்கள் செவிலியர் படிப்புக்குச் செல்ல விரும்பும்போது, "அது நமக்குத் தகுந்த வேலையா?" என்று தயங்கும் வீடுகள் இன்னும் உள்ளன. என் வீடும் அவற்றுள் ஒன்றாகவே இருந்தது.

அச்சகோதரி என் கையைப் பிடித்துப் புண் கழுவக் கற்றுத் தந்தார். உம்மாவின் கடைசி மாதத்தில் அவ்வேலையை நானே செய்தேன். முதல்நாள் என் விரல்கள் நடுங்கின. உம்மா ஒன்றும் சொல்லவில்லை. "மோளே" என்று மட்டும் அழைத்தார். அதுவரை அச்சகோதரிக்கே உரியதாயிருந்த அந்த அழைப்பு அன்று எனக்கும் கிடைத்தது.

இவ்வாண்டு என் மகள் செவிலியர் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். அவளுடைய கைகளில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.