வெள்ளிமலைப் பனியில் தக்காளி நாற்று

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயப்பாளையம், கோமுகி அணை தாண்டி வளைந்து வளைந்து ஏறினால் வெள்ளிமலை. தை மாதக் காலை. மரவள்ளிக் காடுகள் மூடுபனியில் மறைந்து கிடந்தன. நட்டுப் பத்து நாளான தக்காளியைக் காட்டி, “நகையை அடகு வச்சு நட்டிருக்கேங்க. ஊட்டி மாதிரி இங்கேயும் பனி கருக்கிடுமா?” என்று கேட்டார் ஒரு விவசாயி.

ஊட்டி 7,000 அடிக்கும் மேலே. கல்வராயன் சுமார் 3,000 அடிதான். அங்கே விழும் உறைபனி இங்கே வழக்கமில்லை. ஆனாலும், 10 டிகிரிக்குக் கீழே போனால் இளஞ்செடி வளராமல் நின்றுவிடும். மேகமும் காற்றும் இல்லாமல் நட்சத்திரம் பளிச்சென்று தெரியும் இரவில்தான் குளிர் அதிகம். குளிர்காற்று பள்ளத்தில் தேங்கும் என்பதால் மேட்டுப்பாங்கில் நடுங்கள். காலையிலேயே தண்ணீர் கட்டுங்கள். ஈரமண் பகல் சூட்டைப் பிடித்துவைத்து இரவில் விடும். மாலையில் குச்சி ஊன்றி, இலையில் படாமல் பழைய சேலையால் மூடி, வெயில் வந்ததும் எடுத்துவிடுங்கள். ஊட்டி தாவரவியல் பூங்காவில் மலர்ச்செடிகளை மிலார் செடிகளால் மூடிக் காப்பதும் இதே முறைதான்.

மூடுபனி இரவில் மூட வேண்டாம். அன்று பயம் குளிரல்ல. இலை ஈரத்தில் பரவும் கருகல் நோய்தான்.

நான் இறங்கும்போது, அவர் வீட்டில் பழைய சேலைகள் திண்ணைக்கு வந்திருந்தன.