இரண்டு உருண்டைகள்

போன ஓணத்துக்கு, முந்தின நாளான உத்திராடத்தன்று கொடுத்தனுப்பிய இருபத்தைந்து போளி சாயங்காலமே திரும்பி வந்துவிட்டது. எடுத்து வந்த பையன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "மாமி, கடையில வாங்கினது நல்ல மஞ்சளா இருக்காம். இது வெளுத்திருக்கே, பழசான்னு கேக்கறா." அன்று விடிகாலை நாலு மணிக்கு எழுந்து இட்ட போளி அது. 43 வருஷத்தில் ஒரு போளிகூட இந்த வாசலுக்குத் திரும்பி வந்ததில்லை. அந்த ஓணத்தோடு ஆர்டர் எடுப்பதை நிறுத்திவிட்டேன். கேட்பவர்களிடம் முழங்கால் வலி என்கிறேன். அதுவும் உண்மைதான்.

ஒரு கிலோ மைதாவுக்கு ஒரு சின்னக் கரண்டி மஞ்சள்பொடி. அதைத் தாண்டினால் வாயில் மஞ்சள் வாடை அடிக்கும். கல்லிலிருந்து எடுக்கும்போது போளி இளஞ்சந்தன நிறத்தில்தான் இருக்கும். கண்ணைப் பறிக்கிற மஞ்சள் வேண்டுமென்றால் சாயம்தான் போட வேண்டும். சாயம் விரலில் ஒட்டும், பாயசத்தில் கரையும். வெள்ளைப் பால் பாயசம் எலையில் மஞ்சளாக ஓடுவதைப் பார்த்த பிறகும் அது எப்படித் தொண்டையில் இறங்குகிறதோ, எனக்குப் புரியவில்லை.

1982-ல் நாகர்கோவில் வடிவீஸ்வரத்திலிருந்து திருவனந்தபுரம் வலியசாலையில் இருக்கும் இந்த அக்ரஹாரத்துக்கு மருமகளாக வந்தேன். போளி தெரியுமா என்று மாமியார் கேட்டபோது நன்றாகத் தெரியும் என்றேன். எங்கள் வீட்டுப் போளி வேறு: வெல்லமும் தேங்காயும் சேர்த்து, கனமாகத் தட்டி, நெய்யை மேலே விட்டு அப்படியே சாப்பிடுவது. அம்மா (மாமியாரை அப்படித்தான் கூப்பிடுவேன்) ஒரு விள்ளல் வாயில் போட்டுக்கொண்டு, "ருசியா இருக்கு. ஆனா இது பாயசத்தைக் குடிக்காதே கொழந்தே" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் திருவனந்தபுரம் போளி முழுக்க அடங்கியிருக்கிறது. இங்கே போளியைத் தனியாகத் தின்பதில்லை. எலையில் போளியைப் போட்டு, அதன்மேல் பால் பாயசமோ சேமியாப் பாயசமோ விட்டு, கையால் பிசைந்து சாப்பிட வேண்டும். பாயசத்தை உறிஞ்ச வேண்டுமானால் போளி துணிபோல மெலிசாக இருக்க வேண்டும். வெல்லம் சேர்ந்தால் பால் திரியும் என்பதால் பூரணத்துக்குச் சீனிதான். ஏலக்காயோடு கொஞ்சம் சாதிக்காய். எண்ணெய் தடவித் தட்டாமல், அரிசிமாவு தூவிக் குழவியால் இடுவதும் இதற்காகத்தான். இது தமிழ் வீடுகளிலிருந்து ஊருக்குள் போன பண்டம். இப்போது இங்கே மலையாளிகள் வீட்டு ஓண எலையிலும் போளி இல்லாமல் இருக்காது.

வலியசாலையைப் பற்றிச் சொல்ல வருகிறவர்கள் உடனே பழங்காலக் கல்விச்சாலையான காந்தளூர்ச்சாலைக்குப் போய்விடுவார்கள். எங்கள் தெருக்கோடி மகாதேவர் கோயில்தான் அந்தச் சாலை என்பது இங்கே எல்லோரும் நம்புவது. அந்தச் சாலையை மாதிரியாக வைத்து ஆய் மன்னன் கருநந்தடக்கன் பார்த்திவசேகரபுரத்தில் 95 மாணவர்களுக்குச் சாலை அமைத்ததை 866-ஆம் ஆண்டுச் செப்பேடு சொல்கிறது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த 95 எலைதான் கண்ணில் நிற்கும். தினமும் 95 பேருக்கு யார் வடித்தார்கள், யார் அடுப்பு மூட்டினார்கள்? பத்மநாபசுவாமி கோயிலில் ஆறு வருஷத்துக்கு ஒருமுறை 56 நாள் நடக்கிற முறஜபத்தைப் பற்றியும் வேதம் ஓதியவர்களைத்தான் எழுதுகிறார்கள். உருளிக்கு முன்னால் நின்றவர்களை ஒருவரும் எழுதுவதில்லை.

அதனால் போளியின் கைவேலையை நானே எழுதுகிறேன். பருப்பு வேகவைக்கிறதை மட்டும் எழுத வேண்டியதில்லை. சாலைக் கம்போளத்தில் (கடைத்தெருவில்) நல்ல கடலைப்பருப்பாகப் பார்த்து வாங்குவதும், நுரை எடுப்பதும், வடித்த தண்ணீரை ரசத்துக்கு வைப்பதும் எந்த வீட்டிலும் தெரிந்ததுதான். மாவு பிசைகிற விதமும் அப்படியே. சப்பாத்தி மாவைவிட இளக்கமாகப் பிசைந்து, நல்லெண்ணெயில் முங்க வைத்து, இரண்டு மூன்று மணி நேரம் தொடாமல் விடணும்.

பூரணம்தான் என்னை அழவைத்தது. நசுக்கினால் நசுங்குகிற பதத்தில் பருப்பை எடுத்து, சூட்டோடு அரைத்து, சீனி சேர்த்து அடுப்பில் ஏற்றினால், முதலில் அது இளகிக் கூழாகிவிடும். பயப்படக் கூடாது. கிளறக் கிளற இறுகும். சரியாக இறுகிவிட்டது என்று கண்ணுக்குத் தோன்றுகிற இடத்தில் இறக்கினால், ஆறின பிறகு கல்லாகியிருக்கும். இன்னும் கொஞ்சம் தளர்வாக இருக்கும்போதே இறக்க வேண்டும். எவ்வளவு தளர்வு? அதுதான் கேள்வி. மழைக்காலத்தில் ஒரு கணக்கு, வெயிலில் ஒரு கணக்கு. கர்க்கடக மாத மழையில் சீனியே ஈரமாக இருக்கும்.

என் முதல் ஓணத்துக்கு இரண்டு கிலோ பருப்பைக் கல்லாக்கினேன். உருண்டையை மாவுக்குள் வைத்து இட்டால், மாவு நாலு பக்கமும் ஓடுகிறது, பூரணம் நடுவில் கட்டியாக நிற்கிறது. கடைசியில் மாவு கிழிகிறது. அடுத்த தடவை பயந்துகொண்டு சீக்கிரமே இறக்கினேன். அப்போது பூரணம் ஓரத்தில் பிதுங்கிக் கல்லில் ஒட்டிக் கருகியது. அம்மா திட்டவில்லை. பூரணத்தில் ஒரு உருண்டை, மாவில் ஒரு உருண்டை எடுத்து, இரண்டையும் தனித்தனியாக மெல்லிய துணியில் சுற்றி, என் இரண்டு உள்ளங்கையிலும் வைத்தார். "கண்ணை மூடிக்கோ. அமுக்கிப் பாரு. எந்தக் கையில எதுன்னு தெரியறதா?"

"இடது கையில பூரணம்."

"அப்போ இடாதே. ரெண்டும் ஒண்ணாத் தெரியற வரைக்கும் இடாதே."

பூரணம் கெட்டியாக இருந்தால் கொஞ்சம் பால் தெளித்துப் பிசைய வேண்டும். மாவு முறுக்காக இருந்தால் இன்னும் அரை மணி காத்திருக்க வேண்டும். இரண்டும் ஒரே பதமானால் குழவி போகிற வழியிலேயே இரண்டும் சேர்ந்து போகும், தட்டு அகலத்துக்கு விரியும், ஓரம்வரை பூரணம் இருக்கும். அம்மா 1997-ல் போகும்வரை, என் கையில் பத்து வருஷப் பழக்கம் வந்த பிறகும், ஒவ்வொரு ஈடுக்கும் அந்தத் துணி உருண்டைகள் உண்டு. ஒரு தடவை கல்யாண வீட்டுக்கு முந்நூறு போளி. நேரமாகிவிட்டது, வாசலில் ஆள் நிற்கிறார். அப்போதும் கண்ணை மூடச் சொன்னார். நான் எரிச்சலோடு மூடினேன். வலது கையில் மாவு என்று தெரிந்தது. அந்த ஆள் அரை மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்தார்.

இப்போது யார் உட்காருகிறார்கள்? பொட்டுக்கடலை மாவில் சீனிப்பாகு விட்டுப் பூரணம் என்கிறார்கள். அதில் பதம் பார்க்க ஒன்றுமில்லை, எப்போதும் ஒரே மாதிரி வரும், வாயில் மட்டும் மணலாக நிற்கும். கடைப் போளி மிஷினில் வெட்டியது போல் வட்டமாக இருக்கிறது. ஓரம் ஒரு விரல் அகலத்துக்கு வெறும் மைதா. நான் மிக்சிக்கும் கிரைண்டருக்கும் எதிரி இல்லை. அம்மாவே கிரைண்டர் வந்த அன்று அம்மியை ஓரமாக வைத்துவிட்டார். ஆனால் காத்திருக்கிற வேலையை எந்த மிஷினிடம் கொடுப்பது?

எனக்குப் புரியாதது இன்னொன்று. ஆற்றுக்கால் பகவதி கோயில் பொங்காலையன்று எங்கள் தெரு முழுக்கச் செங்கல் அடுப்பும் மண்பானையும்தான். 2009-ல் 25 லட்சம் பெண்கள் வந்ததாகக் கின்னஸில் பதிந்திருக்கிறார்கள். வெயிலிலும் புகையிலும் நின்று, சர்க்கரைப் பாயசம் அடிபிடிக்காமல், கரண்டியின் கனத்தை வைத்தே பதம் சொல்கிறார்கள். அவ்வளவு பேருக்குப் பதம் தெரியும். அதே பெண்கள் ஓணத்துக்குப் போளி வாங்கும்போது ஏன் நிறத்தை மட்டும் பார்க்கிறார்கள்?

திரும்பி வந்த இருபத்தைந்தையும் அன்று ராத்திரியே பால் பாயசம் வைத்துப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிட்டேன். அதில் ஒரு வீட்டு மருமகள், பேங்கில் வேலை, மறுநாள் வந்து சொல்லிக்கொடுக்கச் சொன்னாள். எழுதிக்கொள்ள நோட்டும் கொண்டுவந்தாள். நோட்டை வாங்கி அலமாரியில் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் வருகிறாள். போன வாரம் மாவு பிசைந்து, பூரணம் கிளறி, உருண்டை பிடித்தாள். இரண்டையும் துணியில் சுற்றிக் கையில் வைத்தேன். கண்ணை மூடி ரொம்ப நேரம் அமுக்கிப் பார்த்தாள்.

"இடது கையில பூரணம், மாமி."

"அப்போ இன்னும் அரை மணி ஆகட்டும்" என்றேன். அவள் மாவை மறுபடியும் எண்ணெயில் முக்கி மூடிவைத்துவிட்டு, திண்ணையில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.