எந்த எழுத்து பெரிசு?

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ஆலை ஆபீசுகளில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு ஒரு பழக்கம். கண் கீபோர்டிலேயே இருக்கும். நாலு வரி அடித்து நிமிர்ந்தால் அத்தனையும் பெரிய எழுத்து. கேப்ஸ் லாக் விழுந்திருக்கும். உடனே பேக்ஸ்பேஸை அழுத்திப் பிடித்து எல்லாவற்றையும் அழிப்பார்கள்.

எதற்கு அழிக்க வேண்டும்? வேர்டில் அந்த வரிகளைத் தேர்ந்தெடுத்து ஷிஃப்டோடு எஃப்3 தட்டினால் பெரிசு சிறிசாகிவிடும். லிப்ரே ஆபீஸிலும் அதே சாவிதான். எக்செலில் அப்பர், லோயர், ப்ராப்பர் என்று மூன்று ஃபார்முலா இருக்கின்றன. வேர்டின் ஆட்டோகரெக்ட் இன்னும் கெட்டிக்காரன்: முதல் எழுத்து சிறிசாகவும் மற்றவை பெரிசாகவும் விழுந்தால், தானே திருப்பிப் போட்டு கேப்ஸ் லாக்கையும் அணைத்துவிடும். கூகுளின் குரோம்புக்கில் அந்த இடத்தில் கேப்ஸ் லாக்கே கிடையாது, பெரும்பாலும் தேடல் சாவிதான்.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் லோயர், ஹையர் பாஸ் பண்ணி வந்தவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. 1878-இல் ரெமிங்டன் டைப்ரைட்டரின் இரண்டாம் மாடலோடு வந்தது ஷிஃப்ட். அதன் லாக் விழுந்தால் எண்களுக்குப் பதில் குறிகள் விழும். ஒரு வரி தாண்டுவதற்குள் தெரிந்துவிடும். கேப்ஸ் லாக் எண்ணைத் தொடுவதில்லை. சத்தமில்லாமல் கெடுக்கும்.

ரிட்டயர் ஆன பிறகும் நான் கணக்குப் பார்க்கப் போகிற கம்பி ஆலையில், டிஸ்பாட்ச் பெண் ஒருத்தி டெஸ்ட் சர்டிபிகேட் ஷீட் முழுவதையும் பெரிய எழுத்தில் அடித்துவிட்டாள். பதற்றத்தில் பக்கத்து நெடுவரிசையில் ப்ராப்பர் ஃபார்முலா போட்டு, வந்ததை அசலின் மேலேயே பேஸ்ட் பண்ணினாள். டிஎம்டி என்பதில் முதல் டி மட்டும் பெரிசாக நின்றது. 12 எம்எம் என்பதில் ஒரு எம் பெரிசு, ஒரு எம் சிறிசு. அழுத்தத்தின் அலகில்தான் பெரிய ஆபத்து. மெகா பாஸ்கலுக்குப் பெரிய எம், மில்லி பாஸ்கலுக்குச் சின்ன எம். எழுத்து மாறினால் கம்பியின் வலு காகிதத்தில் நூறு கோடியில் ஒரு பங்காகிவிடும். வாங்குகிற இன்ஜினியர் சிரிப்பார், லோடு நிற்கும்.

"இரும்மா, முதல்ல கன்ட்ரோல் இசட் போடு" என்றேன். அசல் திரும்பி வந்தது. கஸ்டமர் பெயர், ஊர், முகவரிக்கு மட்டும் ஃபார்முலா போடச் சொன்னேன். எஃப்ஈ 500டி கிரேடில் எஃப் பெரிசு, ஈ சிறிசு. அது இரும்பின் குறியீடு. கிரேடையும் அலகையும் கையால்தான் அடிக்க வேண்டும். எழுத்தைப் பெரிசாக்கவும் சிறிசாக்கவும் மெஷினுக்குத் தெரியும்; எது பெரிசாக இருக்க வேண்டும் என்பது சரக்கை அறிந்தவருக்குத்தான் தெரியும். என் அனுபவத்தில் தப்பைவிட, தப்பைக் கண்ட பதற்றத்தில் செய்த திருத்தம்தான் அதிக வேலை வைத்திருக்கிறது.

கேட்டில் ஒட்டுகிற தமிழ் நோட்டீஸ் கதை வேறு. ஆங்கில ஒலிப்படி அடிக்கும் முறையில் கேப்ஸ் லாக் விழுந்தால் லகரம் ளகரமாகும், ரகரம் றகரமாகும். தமிழில் பெரிசு சிறிசு இல்லாததால் எஃப்3 அங்கே எடுபடாது. 1999-இல் அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் இந்தக் குழப்பம் குறைவு. ஷிஃப்ட் பெரும்பாலும் ஸ, ஷ, ஜ போன்ற கிரந்த எழுத்துகளுக்குத்தான். அதைப் பழகச் சொன்னால் பிள்ளைகள் கேட்பதில்லை. நோட்டீஸை மறுபடி அடிக்கிறார்கள்.