புளியரை இறக்கமும் பிரேக் தட்டும்

முல்லைத்திணைப் பாடல்களை நாம் வகுப்பில் நடத்தத் தொடங்கி இருபது ஆண்டுகள் ஆகின்றன. வினை முடித்துத் திரும்பும் தலைவன், தேரை விரைந்து செலுத்துமாறு பாகனை வேண்டும் பாடல்களுக்கு அங்கே பஞ்சமில்லை. அந்தத் தேர் இறக்கத்தில் எப்படி நின்றது என்று மட்டும் இதுவரை எந்த மாணவரும் கேட்டதில்லை. நம் வீட்டுக்கு விரைவுக்கார் ஒன்று வந்த பின்புதான், நிற்பதைப் பற்றியும் தேடிப் படிக்க நேர்ந்தது.

கார் தம்பி வாங்கியது. 2013-இல் அறிமுகமான போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ.; 1.2 லிட்டர் டர்போ எஞ்சின், 105 குதிரைத்திறன். இந்தியாவில் போலோவின் உற்பத்தி 2022-இல் நின்றுவிட்டபடியால் பழைய வண்டியாகவே கிடைத்தது. முன்சக்கரங்களில், பட்டறைகளில் டிஸ்க் என்று வழங்கும் வார்ப்பிரும்புத் தட்டு, பின்சக்கரங்களில் டிரம். கடையத்துக்கும் தென்காசிக்கும் இடையே ஓடியவரை குறையொன்றும் தெரியவில்லை. அம்மாவின் கண் சிகிச்சைக்காகத் திருவனந்தபுரம் சென்று திரும்பிய ஒரு மாலையில் தெரிந்தது. ஆரியங்காவு தாண்டி, கோட்டைவாசலிலிருந்து புளியரைக்கு இறங்கும் ‘எஸ்’ வளைவுப் பாதை. முன்னே சுமைலாரி ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. மிதிக்க மிதிக்கப் பெடல் ஒவ்வொரு முறையும் சற்றே ஆழமாக இறங்கியது. கருகிய வாடை உள்ளே வந்தது. கியரைக் குறைத்து, ஓரங்கட்டி, அரைமணி நேரம் ஆறவிட்டோம். பின்னிருக்கையில் உறங்கிக்கொண்டிருந்த அம்மா விழித்து, “ஏம்ப்பா நிக்கோம்?” என்றார். “டீ குடிக்கதுக்கும்மா” என்றான் தம்பி. அங்கே டீக்கடை எதுவும் இல்லை.

மறுவாரமே அவன் துளையிட்ட பெரிய தட்டுகளின் படங்களோடு வந்தான். பார்வைக்கு அழகுதான். ஆனால் அவன் வாங்க நினைத்தது ஒன்று, நமக்குத் தேவைப்பட்டது வேறொன்று. இதைக் கணக்கே காட்டிக் கொடுத்தது. ஆளும் சுமையுமாக 1400 கிலோ எடையுள்ள கார் 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்கும்போது, ஏறக்குறைய ஐந்து லட்சத்து நாற்பதாயிரம் ஜூல் ஆற்றலை வெப்பமாக்க வேண்டும். அதே கார் செங்குத்தாக 100 மீட்டர் உயரம் இறங்கினால், பதின்மூன்று லட்சத்துக்கும் மேல். அதாவது நெடுஞ்சாலையில் இரண்டரை முறை விரைந்து நிறுத்துவதற்குச் சமம். எஞ்சினும் காற்றும் ஏற்காத பங்கு முழுவதும் தட்டிலும் பேடிலும்தான் இறங்குகிறது. அதிலும் பெரும்பகுதி முன்சக்கரங்களில்.

பெரிய தட்டு நிற்கும் தூரத்தைக் குறைக்கும் என்பது பரவலான நம்பிக்கை. ஏ.பி.எஸ். வேலை செய்யத் தொடங்கும் அளவுக்கு இப்போதுள்ள பிரேக்கே சக்கரத்தைப் பிடிக்கிறது என்றால், ஒரே ஒரு முறை நிறுத்துவதில் எல்லையை வகுப்பது டயர்தான். பெரிய தட்டு தருவது வெப்பத்தைத் தாங்கும் கொள்ளளவு. பத்தாவது முறை மிதிக்கும்போதுதான் அதன் பயன் தெரியும். துளைகளோ அந்தக் கொள்ளளவையே குறைப்பவை. அக்காலப் பேடுகள் சூட்டில் வெளியிட்ட வாயுவுக்கு வழிவிட ஏற்பட்டவை அவை. இன்றைய பேடுகளுக்கு அத்தேவை மிகக் குறைவு. மீண்டும் மீண்டும் சூடேறி ஆறுகையில் துளையோரத்திலிருந்தே விரிசல் புறப்படும். கோடு வெட்டிய தட்டுகள் பேடின் முகத்தைத் துடைத்துத் தரும், பேடையும் விரைவில் தின்னும். நம் சாலைக்கு, நடுவில் காற்றுப்புழை ஓடும் வெற்றுத் தட்டே போதும் என்று முடிவு செய்தோம்.

தென்காசிப் பட்டறைக்காரர் வெர்னியர் வைத்துப் பழைய தட்டை அளந்தார். தட்டிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனை அது நெருங்கியிருந்தது. விளிம்பு வரப்புபோல் எழும்பி நின்றது. துளையிட்ட தட்டைப் பற்றித் தம்பி கேட்டான். அவர் நிமிராமலே, “வண்டி நிக்கதுக்கா சார் மாத்துதிய, இல்ல பார்வைக்கா?” என்றார்.

இந்தியாவில் பிரேக் தொழிலின் வேர் ஒன்று நம் மலையடிவாரத்திலும் இருக்கிறது. டி.வி.சுந்தரம் ஐயங்கார் 1877-இல் பிறந்தது திருக்குறுங்குடியில். அவர் தொடங்கிய டி.வி.எஸ். குழுமம் இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 1962-இல் சென்னைப் பாடியில் பிரேக்ஸ் இந்தியாவை நிறுவியது. சோளிங்கரில் அதற்கு வார்ப்பாலையும் உண்டு. தட்டு என்பது முடிவில் நல்ல வார்ப்பிரும்புதானே!

பேடில்தான் உண்மையான தேர்வு இருக்கிறது. நல்ல பேடின் ஓரத்தில் இரண்டு ஆங்கில எழுத்துகள் அச்சிட்டிருக்கும். முதலெழுத்து வழக்கமான சூட்டிலும், அடுத்தது மிகுந்த சூட்டிலும் அதன் உராய்வு எவ்வளவு என்று சொல்லும். ‘இ’ என்றால் 0.25 முதல் 0.35, ‘எஃப்’ 0.35 முதல் 0.45, ‘ஜி’ அதற்கும் மேல். முதலெழுத்தைவிட இரண்டாவது தாழ்ந்திருந்தால், சூட்டில் பிடி தளரும் என்று பொருள். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்தில் ஓட்டுவோர் இடும் பேடுகளை இங்கே இடலாமா என்றால், கூடாது. அவை நன்கு சூடேறிய பின்பே கவ்வும். சாரல் மாதத்தில் குற்றாலச் சாலையில், குளிர்ந்து நனைந்த தட்டின்மேல் முதல் மிதியிலேயே பிடிக்க வேண்டிய நமக்கு அவை ஆபத்து. இரண்டும் ‘எஃப்’ ஆன பேடு ஒன்றை வாங்கினோம். எழுத்தே இல்லாத மலிவுப் பேடும் அதே கடையில் இருந்தது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது மலிவான பொருள். பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்காவிட்டால் பேடைச் சந்தேகிக்கலாம். பெடல் தாழ்ந்துகொண்டே போனால், பிரேக் ஆயில் கொதித்து ஆவியாகிறது என்பதே முதல் ஐயம். நமக்கு நேர்ந்தது அதுதான். கருகிய வாடை பேடின் பங்கு. டாட்-4 வகை ஆயிலுக்குப் புதிதாக இருக்கையில் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரத்தை உறிஞ்சிய பின் 155 வரை இறங்கலாம். மூடியிருந்தாலும் காற்றிலுள்ள ஈரத்தை அது இழுத்துக்கொண்டே இருக்கும். வண்டியை விற்றவரிடம் அதை மாற்றியதற்குச் சான்று ஏதும் இல்லை. பழையதை வடித்தபோது கடுங்காப்பி நிறத்தில் வந்தது. இனி இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவதென்று கையேட்டில் குறித்து வைத்தோம்.

ஆளற்ற ஒரு காலைப்பொழுதில், ஆழ்வார்குறிச்சிச் சாலையில், அறுபதிலிருந்து பத்துக்கு வேகத்தைக் குறைத்துக் குறைத்துப் பத்து முறை பேடைப் பழக்கினோம். பிறகு இருமுறை அம்மாவோடு கேரளம் சென்று வந்தாயிற்று. கோட்டைவாசலிலேயே கியரைக் குறைத்துவிடுகிறோம்; பெடல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. பின்சக்கர டிரம்மையும் டிஸ்க்காக மாற்றலாமா என்று தம்பி இப்போது கேட்கிறான். சுமையில் பெரும்பங்கு முன்சக்கரங்களுக்கே என்று சொல்லிப் பார்த்தோம். அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை.