ஏரின்னா கொள்ளளவு மட்டும்தானா?

வேடந்தாங்கல் போறவங்க எல்லாரும் பறவையைத்தான் பார்ப்பாங்க. ஒரு தடவை மரத்தையும் பாருங்க. நீர்க்கடம்பு மாசக்கணக்கா தண்ணிக்குள்ளேயே நிக்கும், அழுகாது. ஆனா கோடையில ஏரி வத்துறதும் அதுக்குத் தேவை. புதுக் கன்று முளைச்சு வேர் பிடிக்க, தண்ணி வடிஞ்ச தரை வேணும். 2022-ல வேடந்தாங்கலும் பக்கத்துல இருக்கிற கரிக்கிலியும் ராம்சர் பட்டியல்ல சேர்ந்தாச்சு. அந்தப் பெருமைக்குப் பின்னாடி இந்த ஏற்ற இறக்கமும் இருக்கு.

நம்ம பக்கத்து ஏரி எதுவா இருந்தாலும் இதே கதைதான். ஆழத்துல அல்லி, ஓரத்துல கோரை, தண்ணி பின்வாங்கின சேத்துல புல். பல வருஷம் தண்ணியே வரலைன்னா சீமைக்கருவேலம் உள்ளே இறங்கிடும். சாக்கடை கலந்து வருஷம் முழுக்க தண்ணி தேங்கினா சம்பும் ஆகாயத்தாமரையும் மத்த செடிகளை மூடிடும். மாமல்லபுரம் போற வழியில முட்டுக்காட்டுல உப்பும் கணக்குல வருது. முகத்துவாரம் மணல் மூடித் திறக்கிறதைப் பொறுத்துத் தண்ணியோட உப்பு மாறும். உப்பு மண்ணுல உமரி நிக்கும், கோரைக்கு அங்கே கஷ்டம்.

இது எவ்வளவு பழைய கணக்குன்னு நீலகிரி சொல்லுது. அங்கே பள்ளத்தாக்குச் சதுப்புகள்ல, செடிகள் முழுசா மக்காம கறுப்பா படிஞ்ச மண் இருக்கு, பேரு பீட். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ராமன் சுகுமாரும் சக ஆய்வாளர்களும் அந்தப் பீட்டுல இருந்த கார்பன் ஐசோடோப்புகளை அளந்து, 1993-ல 'நேச்சர்' இதழ்ல எழுதினாங்க. வறட்சி தாங்குற புல்லும் ஈரம் விரும்புற செடியும் கார்பன்ல வேற வேற தடயம் விடும். கடைசிப் பனியுகத்தோட உச்சத்துல வறட்சிப் புல் ஓங்கியிருந்திருக்கு. மழை கூடினதும் ஈரச் செடிகள் பெருகின. மறுபடி வறட்சி, மறுபடி புல். காத்துல இருந்த கார்பன் டை ஆக்சைடுக்கும் இதுல பங்கு உண்டு. சுமார் 20,000 வருஷ டைரி அது.

எங்க சிவில் பாடத்துல ஏரிக்கு முழு நீர்மட்டம், கலங்கல், கொள்ளளவுதான் அளவு. ப்ராஜெக்ட்டுக்கு எடுத்த ஏரியை ஆழப்படுத்தி, கரையைச் செங்குத்தா வெட்டிக் கல் பதிக்கலாம்னு டீம்ல பேச்சு. நான் ஒரு பக்கமாவது சரிவா விடலாம்னேன். "அந்த இடத்துல நிக்கிற தண்ணி ஆயக்கட்டுக்குப் போகணும்டா"ன்னான் நண்பன். அவன் வீடு விவசாய வீடு. அவன் கேட்டது நியாயம்.

அதனால நடுவுல மட்டும் ஆழப்படுத்தி, ஊர்ப் பக்கம் இல்லாத கரையைச் சரிவா விடுறதுன்னு பேசி முடிச்சோம். கொள்ளளவு கொஞ்சம் குறையும். ஆனா தண்ணி இறங்கும்போது சேறு வெளியே தெரியும். அதுக்குள்ள தூங்குற விதைக்கு அந்த அளவு வெயில் பட்டாலே போதும்.