ஆற்றுமணலில் கேட்ட புலம்பல்



சித்திரை மாதத்து மாலையொன்றில், திருக்காட்டுப்பள்ளியில், நம் சபைத் தாய் ஒருவர் என்னிடம் வந்தார். “ஐயா, தகப்பன் போனதிலிருந்து பிள்ளை யாரோடும் பேசுவதில்லை. ஏதோ பேய்ப் பாட்டையே கேட்டுக்கொண்டிருக்கிறான். நீங்கள் கண்டித்துச் சொல்லுங்கள்” என்றார். கண்டிக்கும் எண்ணத்தோடுதான் சென்றேன். அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

குடமுருட்டிப் படித்துறையில் அவன் அமர்ந்திருந்தான். ஆற்றில் மணல்தான் இருந்தது. நான் வாய் திறக்குமுன் இயர்போனை என் கையில் கொடுத்து, “முழுவதும் கேளுங்கள் ஐயா, பிறகு திட்டுங்கள்” என்றான்.

அது 1991-இல் வெளியான ‘கோதிக்’ என்னும் இசைத்தொகுப்பு. கம்பளி ஆலைகளால் வாழ்ந்த ஹாலிஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய நகரில் 1988-இல் தோன்றிய ‘பாரடைஸ் லாஸ்ட்’ குழுவினருடையது. மில்டன் 1667-இல் வெளியிட்ட காவியத்தின் பெயரையே தங்களுக்குச் சூட்டிக்கொண்டவர்கள். கோதிக் மெட்டல் என்ற இசைவகைக்கே இத்தொகுப்பால் பெயர் வந்ததென்பர்.

முதற்பாடலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நிக் ஹோம்ஸ் பாடவில்லை, அடித்தொண்டையிலிருந்து உறுமுகிறார். சில பாடல்கள் கடந்தபின் சிரிப்பு நின்றது. கல்லறைத் தோட்டத்துக்கு நாம் நடக்கும் அதே நடை அந்த இசையில் இருந்தது. உறுமலுக்கு மேலே கிரெகர் மக்கின்டாஷின் கித்தார் தனியே அழுகிறது. இடையில் ஒரு பெண்குரல் எழுந்து மறைகிறது. பல சொற்கள் விளங்கவில்லை. விளங்கியவற்றில் சிலவற்றோடு உடன்பாடுமில்லை. ஆயினும் அது பேய்ப் பாட்டன்று. நம் ஊர்ப் பெண்கள் மாரடித்துப் பாடும் ஒப்பாரியை மின்கருவிகளில் கேட்டாற்போல் இருந்தது.

“அடக்கத்தன்று நீங்கள் என்னை அழாதே என்றீர்கள் ஐயா. இது அப்படிச் சொல்லவில்லை” என்றான்.

சொன்னது உண்மை. முதுகில் தட்டி அப்படித்தான் சொன்னேன்.

வீடு திரும்பிச் சங்கீதம் 88-ஐத் திறந்தேன். மற்றப் புலம்பற் சங்கீதங்கள் பெரும்பாலும் முடிவில் நம்பிக்கைக்குத் திரும்பும். இது திரும்புவதில்லை, எபிரெய மூலத்தில் இதன் கடைசிச் சொல்லே இருள்தான். இத்தனை ஆண்டு ஊழியத்தில் ஓர் அடக்க ஆராதனையிலும் இதை நான் வாசித்ததில்லை. வேதத்தில் இருப்பதை நான் ஏன் தாண்டிச் சென்றேன்?

அந்தத் தாய்க்கு இன்னும் சரியான விடை சொல்லவில்லை. வரும் புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் அந்தச் சங்கீதத்தை வாசிக்கிறோம், விளக்கவுரை இல்லை. வாசிக்கும்படி அவனைத்தான் கேட்டிருக்கிறேன். “பார்க்கலாம் ஐயா” என்றிருக்கிறான்.