கோட்டையூர்: இரண்டு செட்டியார்கள், இரண்டு சொத்துகள்

திருச்சியிலிருந்து காரைக்குடி போகும் பாசஞ்சர் ரயிலில், காரைக்குடிக்குக் கொஞ்சம் முன்னால் வருகிறது கோட்டையூர். செட்டிநாட்டு வீடு பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் கானாடுகாத்தான், ஆத்தங்குடி என்று போய்விடுகிறார்கள். இங்கே இறங்குவோர் குறைவு.

ஆனால் இங்கேயும் அதே வீடுகள்தான். முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில். பர்மா தேக்குத் தூண், இத்தாலி மார்பிள், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு. நூறு வருடத்துக்குப் பிறகும் சுவரைத் தொட்டால் வழுவழுவென்று இருக்கும். முக்கால்வாசி வீடுகளில் பூட்டு தொங்குகிறது. ஒரு வீட்டுக்கு எத்தனையோ பங்காளிகள். விற்கவும் முடியாது, தனியாகக் குடியிருக்கவும் முடியாது. அந்தக் காலத்திலேயே இந்த வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. மகனுக்குக் கல்யாணம் ஆனால் அவனுக்கென்று ஒரு அறை, தனி அடுப்பு, தனிக் கணக்கு. கூரை ஒன்று, சமையல் வேறு வேறு. சண்டை வராமல் இருக்க இதைவிட நல்ல ஏற்பாடு எந்தக் கூட்டுக் குடும்பத்திலும் இல்லை!

இத்தனை பணம் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி பர்மாவில் செய்த வட்டித் தொழிலில். 1930-ல் நெல் விலை விழுந்தபோது பர்மா விவசாயிகளால் கடனைக் கட்ட முடியவில்லை. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்களிடம் இருந்த நிலம் 6 சதவீதம். 1938-க்குள் அது 25 சதவீதமாகிவிட்டது. கடன் கொடுத்தவர்கள் கேட்டது பணத்தை, நிலத்தை அல்ல. ஆனால், நிலம் போன விவசாயிக்கு அந்த வித்தியாசத்தால் என்ன பயன்? 1942-ல் ஜப்பான் படை வந்தது. பலர் காட்டு வழியே நடந்து ஊர் திரும்பினார்கள். அங்கிருந்த சொத்து அங்கேயே நின்றது.

லாபத்தில் ஒரு பங்கை 'மகமை' என்று தர்மத்துக்கு ஒதுக்குவது நகரத்தார் வழக்கம். அதை ஒரு பங்கோடு நிறுத்தாதவர் கோட்டையூரில் பிறந்த அழகப்ப செட்டியார். கல்லூரி தொடங்க வாருங்கள் என்று 1947-ல் சென்னையில் ஒரு கூட்டத்தில் துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார் கேட்க, எழுந்து நின்று ஒப்புக்கொண்டார். அடுத்த மாதமே காரைக்குடியில் வகுப்பு தொடங்கிவிட்டது. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு அவர் கொடுத்தது 300 ஏக்கர் நிலம், 15 லட்சம் ரூபாய். 1948-ல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 1957-ல் இறந்தபோது அழகப்பருக்கு 48 வயதுகூட நிறையவில்லை.

இதே ஊரில் இன்னொரு செட்டியார், ரோஜா முத்தையா. மெட்ராஸ் போய் விளம்பரப் பலகை எழுதக் கற்றுக்கொண்டு வந்தவர். மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகள் அவருக்கு அத்துப்படி. நாவல், வைத்திய நூல், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என எதையும் விடவில்லை. அரிசி, பருப்பு வைக்க வேண்டிய வீட்டில் காகிதத்தை அடுக்குகிறாரே என்று ஊரில் யாராவது சிரித்திருந்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. 1992-ல் அவர் மறைந்தபோது சேர்ந்திருந்தவை சுமார் ஒரு லட்சம். சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது. ஆனால் அமெரிக்காவுக்குக் கொண்டுபோகவில்லை. சென்னையில் அவர் பெயரிலேயே நூலகமாக வைத்தது. இன்று தரமணியில் யாரும் போய்ப் படிக்கலாம்.

கோட்டையூர் வீடுகள் திறந்து பார்க்க வேண்டுமென்றால் கல்யாண சீசனில் வர வேண்டும். சென்னை, சிங்கப்பூர் என்று எங்கிருந்தாலும் சொந்த வீட்டில் கல்யாணம் நடத்த வருகிறார்கள். ஒட்டடை அடித்து, வளவு முழுக்கக் கோலம் போட்டு, நாலைந்து நாள் பந்தி நடக்கும். பிறகு கார்கள் கிளம்பும். கடைசியாக நிற்கிற பங்காளிகள், அந்த முழ நீளச் சாவியை இந்த முறை யாரிடம் விட்டுப் போவது என்று முகப்பில் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள்.